தோட்டம் தாமானாகிறது, சாலைகள் ஏன் ஒட்டுவதில்லை? அளப்பது எப்படி, கேட்பது எங்கே?

செம்மண்சாலை:

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணிக்கும் குரூணுக்கும் நடுவிலுள்ள ஒரு தோட்ட நகரத்தைப் பற்றிய கேள்வி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய்த் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, வருகிறது. மொத்தம் 600 ஏக்கர் அளவு, மூன்று மேம்பாட்டாளர்கள் கையில். முதல் தாமானில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். இரண்டாவதில் மண்வேலை நடக்கிறது. மூன்றாவதற்குத் திட்ட அனுமதி, அதாவது கெபெனாரான் மெரஞ்சாங், இன்னும் வரவில்லை.

தமிழ்ப்பள்ளியும் மாரியம்மன் கோயிலும் அந்த மூன்றாவது துண்டுக்குள் இருக்கின்றன. முதல் தாமானின் கடைசி வீட்டு வரிசையிலிருந்து பள்ளிக்கு நேர்க்கோட்டில் 350 மீட்டர்தான். நடுவில் மதில். பழைய தோட்டச் சாலை அந்த மதிலில் முட்டி நிற்கிறது. காரில் போனால் கூட்டரசுச் சாலை 1க்கு ஏறி, யூ-டர்ன் எடுத்து, பழைய தோட்ட வாசல் வழியாக 2.9 கிலோமீட்டர்.

ஊர் வளர்ந்தால் இப்படித்தான் ஆகுமா, அல்லது இது யாரோ எடுத்த முடிவா? நகராண்மைக் கழகத்து அதிகாரி தட்டிக்கழிக்க முடியாதபடி இதை எந்த எண்ணில் சொல்வது? மூன்றாவது துண்டுக்கு வரைபடம் போடுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், யாரிடம்?


கோட்டுப்படம்:

முதல் எண் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2900ஐ 350ஆல் வகுத்தால் 8.3. இதைச் சுற்றுவழி விகிதம் என்பார்கள். சதுரக் கட்டமாகச் சாலை போட்ட ஊரில் இது சராசரியாக 1.27, குறுக்கு மூலைக்குப் போனாலும் 1.41க்கு மேல் ஏறாது. 1.5 வரை மனிதர்கள் நடப்பார்கள். அதைத் தாண்டினால் வண்டிச் சாவியைத் தேடுவார்கள்.

ஆனால் ஒரே ஒரு சோடியைக் காட்டினால் 'மோசமான இடமாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள்' என்று சொல்லிவிடுவார்கள். தாமானுக்குள் 20 வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள். பள்ளி, கோயில், கடைவரிசை, பேருந்து நிறுத்தம் என நான்கு இடங்களைக் குறியுங்கள். 80 சோடிக்கும் விகிதம் கண்டு, நடு மதிப்பையும் மோசமான பத்தில் ஒரு பங்கையும் காட்டுங்கள். நடைக்குத் தனியாக, காருக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்றும் புரியாது.

கருவி என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் போதும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓஎஸ்எம்என்எக்ஸ் இருக்கிறது. தவறு நடக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டப் பகுதியில் எல்லாமே இங்கேதான் சறுக்கும்.

தோட்டத்துச் செம்மண் சாலைகளைப் பெரும்பாலும் 'ட்ராக்' என்று பதிந்திருப்பார்கள். 'டிரைவ்' வகையில் வலையை இறக்கினால் அவை அப்படியே விடுபடும், 'வாக்' வகையில் உள்ளே வந்துவிடும். அடுத்து வாசல்கள். ஏறி இறங்கும் தடுப்புக் கம்பமான பூம் கேட்டும் பூட்டிய கம்பிக் கதவும் வரைபடத்தில் பதிவாகாமலே இருக்கும். கணினிக்கு அது திறந்த வழி, நிஜத்தில் பூட்டு. ஒரு நாள் மோட்டாரில் சுற்றி ஒவ்வொரு வாசலையும் பதிந்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் சந்தான பாக்லேன் இன்னொரு பொறி. வரைபடத்தில் தொடர்ந்து ஓடும், நேரில் பார்த்தால் பாதி வீட்டுச் சமையலறை அதற்குள் நீண்டிருக்கும்.

தூரம் அளக்கும் முன் வரைபடத்தை மீட்டரில் அளக்கும் தீபகற்ப ஆர்எஸ்ஓ ஆயத்துக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 3375க்கு, மாற்றிக்கொள்ளுங்கள். பாகைக் கணக்கில் நீளம் எடுத்தால் எண் பொய் சொல்லும். ஆய்வுப் பகுதியைச் சுற்றி 1 கிலோமீட்டர் கூடுதலாக இறக்கிக் கடைசியில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரத்துச் சாலைகளெல்லாம் முட்டுச்சந்தாகத் தெரியும். கூட்டரசுச் சாலை இரட்டைப் பாதையாக இருந்தால் ஒரே சந்தி நான்கு சந்தியாக எண்ணப்படும். 15 மீட்டருக்குள் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாரும் முதலில் எடுப்பது சாலைத்துண்டு–சந்தி விகிதம். துண்டுகளின் எண்ணிக்கையைச் சந்திகள், முட்டுச்சந்து முனைகள் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு நடுச்சாலை, அதில் 8 சந்தி, ஒவ்வொன்றிலும் இடமும் வலமும் ஒரு முட்டுச்சந்து என்று வையுங்கள். வெளிச்சாலைக்குப் போகும் துண்டையும் சேர்த்தால் 24 துண்டு, 24 முனை, விகிதம் 1.0. அந்தச் சந்துகளின் கடைக்கோடிகளை இரு பக்கமும் ஒரு சாலையால் கோத்துவிட்டால் 38க்கு 24, அதாவது 1.58. நான்கு மூலைத் திருப்பங்கள் சந்தியே அல்ல என்பதால் அவற்றை நீக்க வேண்டும், அப்போது 34க்கு 20, விகிதம் 1.7. திருப்பத்தைச் சந்தியாக எண்ணுவதுதான் கைக்கணக்கில் வரும் வழக்கமான பிழை. 1.4 இருந்தால் போதும் என்று திட்ட நூல்களில் பொதுவாகச் சொல்வார்கள்.

இப்போது இந்த 1.7ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளே அருமையான இணைப்பு. வெளியே போக இன்னும் ஒரே ஒரு வாசல்! நம் ஊர்த் தாமான்களின் குணமே இதுதான். அமெரிக்கப் புறநகர் மாதிரி முட்டுச்சந்தாகக் கிளை விரிப்பதில்லை. இணைவீட்டு வரிசை, 40 அடிச் சாலை, பின்னால் பாக்லேன் என்று உள்ளே ஒழுங்கான கட்டம்தான். ஆகவே இந்த விகிதத்தையும் முட்டுச்சந்து விழுக்காட்டையும் மட்டும் பார்த்தால் தாமான் நல்ல மதிப்பெண் வாங்கிப் போய்விடும். வெட்டு விழுந்திருப்பது தாமானுக்கும் தாமானுக்கும் இடையே. ஒரே பெருஞ்சாலைக்கு இரண்டு வாசல் வைத்துவிட்டால் 'ஒற்றை வழி' என்ற சோதனையிலும் தப்பிவிடும்.

ஆகவே எல்லையை அளங்கள். இரண்டு தாமான்கள் ஒட்டியிருக்கும் எல்லைக்கோட்டின் நீளம் எவ்வளவு, அதைக் கடக்கும் வழிகள் எத்தனை? ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்காவின் போர்ட்லண்ட் வட்டார விதியில் முழுச் சாலை இணைப்பு 530 அடிக்கு ஒன்று, நடை–சைக்கிள் வழி 330 அடிக்கு ஒன்று. அதாவது சுமார் 160 மீட்டரும் 100 மீட்டரும். உங்கள் எல்லை 800 மீட்டர் என்றால் ஐந்து சாலையும் எட்டு நடைவழியும் இருக்க வேண்டிய இடம். எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள், பூஜ்யம் என்று வந்தால் அதைவிட வலுவான எண் வேறில்லை.

'ஊர் வளர்ந்தால் இப்படித்தானா' என்றீர்கள். பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் அமெரிக்காவையும் 2020இல் உலகம் முழுவதையும் இதே கோணத்தில் அளந்தார்கள். அமெரிக்காவில் புதிதாகப் போட்ட சாலைகளின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய் அப்புறம் குறைந்தது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஊர் பெருத்தும் இணைப்பு கெடவில்லை. நம் தென்கிழக்காசியா துண்டிப்பு அதிகமான வட்டாரங்களில் ஒன்று. ஆகவே இது வளர்ச்சியின் விதி இல்லை, வரைபடம் போடும் பழக்கம்.

உங்கள் ஊரிலும் காலவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஜிஎச்எஸ்எல் என்ற இலவசச் செயற்கைக்கோள் தரவு 1975 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடப் பரப்பைக் காட்டும். ஒவ்வொரு சந்தியும் எந்த ஆண்டுப் பரப்புக்குள் முதலில் விழுகிறது என்று பார்த்தால் அதன் வயது தெரியும். 100 மீட்டர் கட்டம் என்பதால் செம்பனை நடுவே இருக்கும் சிறு லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, தவறவிடும், அவற்றைக் கையால் திருத்துங்கள்.


அளவுச்சங்கிலி:

கோட்டுப்படம் சொன்ன 'எல்லை'யில்தான் காரணமும் இருக்கிறது. தோட்டம் என்பது ஒரே வாசலுக்காக வரைந்த இடம். வெளியிலிருந்து ஒரு சாலை நுழையும், நேரே ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போகும், அங்கிருந்து மரம் நட்ட காடுகளுக்குப் பிரியும். பக்கத்துத் தோட்டத்தோடு இணைப்பு வைக்க நிர்வாகத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. ரப்பர் பால் திருட்டு, செம்பனைப் பழத் திருட்டு என்ற பயத்தில் எல்லையில் வாய்க்கால் வெட்டி வைப்பதே வழக்கம். தோட்டம் விற்கப்படும்போது கிராண், அதாவது நிலப் பட்டா, எல்லையோடு விற்கப்படுகிறது. வாங்கியவர் அந்த எல்லைக்குள் மட்டும் வரைகிறார். பெத்தாலிங் ஜெயா எஃபிங்காம் தோட்டத்திலும், புத்ராஜெயா பெராங் புசார் தோட்டத்திலும் எழுந்தவைதான். ஆனால் அங்கே ஒரே கை பெரும் பரப்பை ஒன்றாக வரைந்தது. 600 ஏக்கரை மூன்று கை வரைந்தால் மூன்று தீவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலத்தில், மக்களை ஓரிடத்தில் குடியேற்றும் பிரிக்ஸ் திட்டப்படி 1950க்குப் பிறகு அமைத்த புதுக்கிராமங்களைச் சுற்றி முள்வேலியும் காவல் வாசலும் இருந்தன. வேலியை எடுத்ததும் கட்டமாகக் கிடந்த சாலைகள் வெளியே நீள முடிந்தது. இன்றைய தாமானில் மதிலை எடுத்தாலும் பின்னால் நீளச் சாலை இல்லை, அங்கே ஒரு வீட்டின் பின்புறம் இருக்கும்.

வேறு தடைகளும் உண்டு. ரயில் பாதை இரட்டையாகி மின்மயமானபோது ஈப்போவுக்கு வடக்கே சமதளக் கடவுகளை மூடி மேம்பாலம் கட்டினார்கள். பாலம் 8 மீட்டர் ஏற வேண்டும், சரிவு 6 விழுக்காடு என்றால் ஒரு பக்கம் மட்டும் 133 மீட்டர். நடப்பவருக்கு அது கடவு இல்லை, மலை. டிஎன்பி மின்நிறுவனத்தின் உயரழுத்தக் கம்பித்தடம், எரிவாயுக் குழாய்த்தடம், ஆற்று ரிசாப், அதாவது ஒதுக்கு நிலம், எல்லாம் இதே வகை. அவற்றைக் குறுக்கே கடக்கலாம், ஆனால் அந்தந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும், மேம்பாட்டாளர் அந்த அலைச்சலை எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது துண்டின் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். 'எதிர்கால இணைப்புச் சாலை' என்று ஒரு முனை காட்டியிருப்பார்கள். அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அது எல்லைக் கல் வரை போகிறதா, ஒரு மீட்டருக்கு முன்பே நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு மீட்டர் 'பசுமை வளையம்' என்று தனிப் பட்டாவில் இருந்தால் சாலை என்றைக்கும் சேராது. முனையின் நுனியில் டிஎன்பி துணை மின்நிலையமோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமோ உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். யாருக்கும் பிடிக்காத கட்டடத்தை எல்லையோரத்தில் தள்ளுவது வழக்கம், அது சாலை முனையிலேயே வந்து விழும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மட்டம். மண்வேலை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், அமைப்பு வரைபடம் மட்டும் போதாது. முதல் தாமானின் தளம் 3 மீட்டர் உயரத்தில் இருந்து, மூன்றாவதின் தளம் கீழே வெட்டப்பட்டால் நடுவே தடுப்புச் சுவர் எழும். 8 விழுக்காட்டுச் சரிவில் அந்த 3 மீட்டரை இறக்க 37.5 மீட்டர் நீளம் வேண்டும், கிட்டத்தட்ட ஆறு இணைவீட்டின் அகலம். வீட்டு மனை பிரித்த பின் அந்த இடம் எங்கிருந்து வரும்? இணைப்பு முனையில் இரு தள மட்டமும் பொருந்த வேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுதவைக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றி ஒரு வரி. 66 அடி ரிசாப் கேளுங்கள், பழைய அளவுச் சங்கிலி ஒன்றின் நீளம் அது, சுமார் 20 மீட்டர். இரண்டு தாமானை இணைக்கும் சாலையை 40 அடியில் விட்டால் நாளைக்கு இருபுறமும் கார் நிறுத்தி ஒருவழிப்பாதையாகிவிடும்.


அமைதியானசந்து:

எல்லாரும் இணைப்பு இணைப்பு என்கிறீர்கள், குடியிருப்பவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். இணைத்த மறுநாளே கூட்டரசுச் சாலை நெரிசலைத் தவிர்க்கும் கார்கள் பிள்ளைகள் விளையாடும் சாலை வழியே பாயும். நாற்சந்தியில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32, முச்சந்தியில் 9 மட்டும். மூடிய தாமான் வீட்டுக்கு விலையும் கூடுதல், வீடு புகுந்து திருடுவதும் குறைவு என்று நம்பித்தான் மக்கள் வாங்குகிறார்கள். மோட்டாரில் வந்து கைப்பை பறிப்பவன் தப்பிக்க இரண்டு வழி கொடுக்கச் சொல்கிறீர்களா?


கோட்டுப்படம்:

நியாயமான கேள்வி, ஐயா. அந்த 32ஐ மறுக்கவில்லை. அதற்காகத்தான் நாற்சந்தியை இரண்டு முச்சந்தியாகத் தள்ளி வைப்பது. இரண்டும் சேர்ந்தாலும் 18தான், இணைப்பு போகாது. ஆனால் மோதல் புள்ளி ஒரு சந்திக்கான கணக்கு, ஊருக்கான கணக்கு வேறு. கலிபோர்னியாவின் 24 நகரங்களை மார்ஷல், காரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒப்பிட்டபோது சந்தி அடர்த்தி அதிகமான நகரங்களில்தான் சாவு விபத்து குறைவாக இருந்தது. உள்ளூர்ப் பயணம் முழுவதையும் ஒரே பெருஞ்சாலையில் தள்ளினால் வேகமும் யூ-டர்னும் அங்கே சேருகின்றன. பள்ளிக்குப் போகும் மோட்டார் கூட்டரசுச் சாலையில் லாரியோடு ஓடுவது பாதுகாப்பா?

குறுக்கே பாயும் காருக்கு மருந்து மதில் இல்லை. இணைப்பை நேர்க்கோட்டில் விடாமல் இரண்டு திருப்பத்தோடு போடலாம், அல்லது காரை நிறுத்திக் கால்நடையையும் இருசக்கரத்தையும் மட்டும் விடலாம். திருட்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. யார் கண்ணிலும் படாத சந்து ஆபத்துதான். ஆகவே வழி எங்கே திறக்கிறது என்பதுதான் கேள்வி, திறக்கலாமா என்பது இல்லை.


கிராண்நகல்:

சட்டப் பக்கம். தேதிகளைத் தவறவிட்டால் மேலே சொன்ன எண்ணெல்லாம் வீண்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். 'நாற்பது வருடமாக நடக்கிறோம், அது எங்கள் வழி' என்று சொல்வார்கள். மலேசிய தேசிய நிலச் சட்டத்தில் நீண்டகாலப் பயன்பாட்டால் வழி உரிமை பிறப்பதில்லை. தோட்டச் சாலை தனியார் நிலம், நிலம் கைமாறினால் வழியும் போகும். அரசு பதிவில் இல்லாத சாலை என்பதால் மாநிலச் சாலைப் பராமரிப்புக்கான மாரிஸ் ஒதுக்கீடும் வராது. உரிமை வேண்டுமானால் அதே சட்டத்தின் 28ஆம் பாகத்தின்கீழ் நில நிர்வாகி வழி உரிமையை உருவாக்க வேண்டும், அதற்கு மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

படிகள் இப்படிப் போகும். தொடர்ச்சியாக 40 ஹெக்டேருக்குக் குறையாத வேளாண் நிலம் சட்டப்படி தோட்ட நிலம். அதைத் துண்டாக்கவோ கைமாற்றவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். சாலையைப் பற்றி அந்த வாரியம் கேட்காது, ஆனால் ஏதோ நடக்கப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி அதுதான். அடுத்து 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 172. எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் அனுமதி கேட்டால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், ஆட்சேபிக்க 21 நாள். உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே அரசிதழில் வந்திருந்தால் சட்டம் 172இன்கீழ் இந்தத் தனி அறிவிப்பு கட்டாயம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் வாய்ப்பு அந்தத் திட்ட வரைவு, ரஞ்சாங்கான் தெம்பாத்தான், பொதுப் பார்வைக்கு வரும் வாரங்களில்தான். அப்போது 'இணைப்பு தேவை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த லாட்டிலிருந்து (எண்ணிட்ட நிலத் துண்டிலிருந்து) எந்த லாட்டுக்கு, எத்தனை அடி, எந்த மட்டத்தில் என்று வரைந்து கொடுங்கள். உங்கள் லாட்டுக்கு என்ன நிலப்பயன்பாடு குறித்திருக்கிறது என்பதை ஐ-பிளான் என்ற அரசு இணையத்தளத்தில் பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, தோட்டத்து ஆட்கள் கவனிக்காமல் விடுவது. ஆட்சேபிக்கும் உரிமை 'பதிவு பெற்ற உரிமையாளருக்கு'. பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் நிற்கும் நிலம் இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. அப்படியானால் சட்டக் கண்ணில் 'பக்கத்து உரிமையாளர்' நிலத்தை விற்றவரே. நாளைக்கே நில அலுவலகத்தில் தனிப்பட்ட தேடலுக்கு, சாரியான் பெர்செண்டிரியானுக்கு, கட்டணம் கட்டி அந்த லாட் யார் பெயரில் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பள்ளி நிலத்தைத் தனிப் பட்டாவாகப் பிரிப்பதையும் அதற்கு அரசுச் சாலை முகப்பு வேண்டும் என்பதையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். சாலை முகப்பு கேட்பது முக்கியம். அது கிடைத்தால் இணைப்புச் சாலை தானாகவே அரசு ரிசாப்பாக வரும்.

கடைசிக் கதவு தேசிய நிலச் சட்டத்தின் 204டி பிரிவு. பழைய கிராணைச் சரணடைத்துப் புதிய பட்டாக்களாகத் திரும்பப் பெறும் கட்டத்தில்தான் எந்தத் துண்டு சாலை, எந்தத் துண்டு மனை என்பது இறுதியாகிறது. பட்டா வந்த பிறகு ஒரு சாலை வேண்டுமென்றால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான். ஒரு மதிலோர நடைவழிக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

காவல் சாவடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனிப் பட்டாவுள்ள வீடுகள் கொண்ட தாமானில் சாலை பொதுச் சாலைதான். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொது இடத்தை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் 2015இல் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, உள்ளாட்சி அனுமதியோடு வைத்த பூம் கேட் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதாக மட்டும் இருந்தால் அது தடை ஆகாது. ஆகவே 'பூம் கேட்டை எடுங்கள்' என்று போராடிப் பலன் இல்லை. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். நடப்பவரையும் சைக்கிளையும் தடுக்கும் பூட்டிய பின்வாசல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிராத்தா பட்டாவில், அதாவது பொதுப் பகுதிகளை வீட்டுக்காரர்கள் கூட்டாக வைத்திருக்கும் முறையில், கட்டிய மூடிய குடியிருப்பு என்றால் கதை வேறு. அங்கே உள்சாலையே பொதுச் சொத்து இல்லை, ஆகவே மூன்றாவது துண்டு எந்த வகைப் பட்டா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.


செம்மண்சாலை:

மிக்க நன்றி. ஆயிரம் விளக்கம் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி: முதல் தாமானின் மதில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. மதிலுக்கு அடியில் 4 அடி அகல வடிகால் ஓடுகிறது, மறுபக்கம் ஒரு மீட்டர் தாழ்வு. அங்கே நடைவழி திறக்க நினைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?


அளவுச்சங்கிலி:

இடத்தேர்வில் பாதி வேலை முடியும். இரண்டு ஓர வீடுகளுக்கு நடுவே மட்டும் திறக்காதீர்கள், அந்த இரு வீட்டாரும் முதல் மாதமே மனு கொடுத்து அடைத்துவிடுவார்கள். சாலை நேராக வந்து மதிலில் முட்டும் இடம், அல்லது திடலின் ஓரம். திடல் இருந்தால் அதுதான் சிறந்தது. எதிர்வரிசை வீடுகளின் முன்வாசல் பார்வையில் இருக்கும், கண் காவல் இலவசம். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும். நடுவில் திருப்பம் வைத்தால் அங்கேதான் வம்பு. இருபுறமும் உயர மதிலை விடாமல் 1.2 மீட்டர் கம்பி வேலியாகத் தாழ்த்துங்கள்.

வடிகாலுக்கு முன்வார்ப்புக் கான்கிரீட் பலகை போதும், ஆனால் பலகையின் அடிமட்டம் வடிகால் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் முதல் பெருமழையில் குப்பை மாட்டி மேலேயுள்ள வீடுகளில் தண்ணீர் ஏறும், பழி நடைவழி மேல் விழும். ஒரு பலகையாவது தூக்கிச் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும். வடிகால் நகராண்மைக் கழகத்துடையதா, வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். உடையதா என்று முதலில் கேளுங்கள், ஒப்புதல் தர வேண்டியவர் அதைப் பொறுத்து மாறும்.

ஒரு மீட்டர் தாழ்வுக்கு 1:12 சரிவில் 12 மீட்டர் சாய்தளம், நடுவில் ஒரு சமதள நிறுத்தமும் வேண்டும். இடம் இல்லையென்று படி கட்டுவார்கள். படி கட்டினால் பாட்டியும் போக முடியாது, பள்ளி சைக்கிளும் போகாது, படியோரமாகப் புல்லில் மோட்டார் தடம் விழுந்து ஆறு மாதத்தில் மண் அரித்துவிடும். மதிலுக்கு இணையாகச் சாய்தளத்தை மடக்கிப் போட்டால் இடம் கிடைக்கும்.

மோட்டாரைத் தடுக்கக் கம்பம் நடுவதைப் பற்றி எல்லா ஊரிலும் சண்டை. கப்சாய் மோட்டாரின் கைப்பிடி அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கு 90 வேண்டும். ஆகவே நாற்காலியை விடும் எந்த இடைவெளியும் மோட்டாரையும் விடும், கணக்கு அவ்வளவுதான். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு வைத்தால் மோட்டார்காரன் ஒடித்துக்கொண்டு போவான், நாற்காலிக்காரர்தான் மாட்டுவார். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு மோட்டார்தான் வண்டி என்கிற ஊரில் அதை அனுமதித்துவிட்டு மெதுவாக்குவதே நல்லது. 2.5 மீட்டர் அகலம், பதிகல் தரை, இரு நுனியிலும் ஒரு மேடு, நடுவில் ஒரே ஒரு கம்பம், காரைத் தடுக்க மட்டும். கம்பத்தில் ஒளிரும் பட்டை ஒட்ட மறந்துவிடாதீர்கள், இரவில் அதிலேயே மோதுவார்கள்.

விளக்கு 5 மீட்டர் கம்பத்தில், 20 மீட்டருக்கு ஒன்று. மின்கட்டணம் யார் கணக்கில் என்பதை எழுத்தில் முடித்த பிறகே கம்பம் நடுங்கள். கட்டணம் கட்ட ஆளில்லாமல் அணைந்த விளக்கைக் காட்டித்தான் அடுத்த வருடம் வழியை மூடச் சொல்வார்கள்.


கிராண்நகல்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மதில் எந்தப் பக்கத்து லாட்டில் நிற்கிறது என்று அளவைத் துறைத் திட்டத்தில் பாருங்கள். பல இடங்களில் மதில் எல்லைக்கு ஓரடி உள்ளே இருக்கும், வடிகால் ரிசாப் வெளியே இருக்கும். மதில் தனி வீட்டின் பட்டாவுக்குள் இருந்தால் அந்த வீட்டாரின் கையெழுத்து வேண்டும். நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்ட திடலின் ஓரம் என்றால் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, கழகத்தின் ஒரு கடிதம் போதும். இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில் கொடுங்கள்: மதிலைத் திறக்க ஒன்று, மூன்றாவது துண்டின் அனுமதியில் எதிர்ப்பக்கச் சாலை முனையை அதே புள்ளியில் வைக்க இன்னொன்று. புள்ளியின் ஆயத்தொலைவு இரண்டு கடிதத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். பத்து மீட்டர் விலகினாலும் வழி இன்னொரு வீட்டின் பின்சுவரில் போய் முட்டும்.